கடல் கடந்த துரைச்சாமி

(தென்காசியில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

   

குற்றாலத்துச் சாரலில் நனைந்து மகிழ்ந்து திரும்புவோர் கடைத்தெருவில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கிச் செல்வதைக் காண்கிறோம். அவை இம்மலையின் பழஞ்செடிகள் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மை வேறு. 1800ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் குற்றாலத்தில் ஒரு நறுமணப் பயிர்த்தோட்டம் அமைத்தனர். இந்திய மண்ணில் கிராம்பு முதன்முதல் வேரூன்றியது அத்தோட்டத்தில்தான். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து அம்போனாவையும் பண்டாத் தீவுகளையும் ஆங்கிலேயர் பறித்தனர். ஒல்லாந்தர் பிறர் கைக்குப் போகாமல் காத்துவைத்திருந்த கிராம்பும் சாதிக்காயும் அன்றே கும்பினியின் கைக்கு வந்தன. கும்பினியின் செடிநூலார் கிறித்தோபர் சிமித்து என்பவர் அத்தீவுகளிலிருந்து கன்றுகளைக் கப்பல் கப்பலாக அனுப்பினார். அவை சென்று சேர்ந்த இடங்களுள் முகன்மையானது பினாங்குத் தீவு.

பினாங்கு என்னும் அப்பெயரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கீழைக்கடல் செடிகளைப் பெயர்த்து நம் மலையில் நட்ட அதே கும்பினி, அதே ஆண்டுகளில், நம் மண்ணின் மாந்தரை வேரோடு பெயர்த்து அந்தப் பினாங்கில் கொண்டுபோய்ப் போட்டது. செடிகளுக்குக் கணக்கு வைத்தார்கள்; நீர் ஊற்றினார்கள்; பட்டுப்போனால் மேலிடத்துக்கு மடல் எழுதினார்கள். மாந்தர்க்கு என்ன செய்தார்கள் என்பதே இன்றைய பொழிவின் பொருள். எழுபத்து மூவர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவன் பதினைந்து அகவைச் சிறுவன். பெயர் துரைச்சாமி. சிவகங்கைச் சீமையைக் காத்த சின்ன மருதுவின் இளைய மகன். அவன் வாழ்வை ஆவணங்களின் வழியே தேடிச் செல்வோம்.

முதற்கண் காலச் சூழலைக் காண்போம். 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிய இத் தென்காசி மாவட்டம் பாளையங்களின் தொட்டில். நெற்கட்டுஞ்செவல், சிவகிரி, சொக்கம்பட்டி, ஊற்றுமலை, தலைவன்கோட்டை, சுரண்டை ஆகிய மேற்குப் பாளையங்கள் எல்லாம் இம்மாவட்டத்துக்குள் அடங்கியவை. கும்பினிக்கு வரி கொடுக்க மறுத்து 1750களிலேயே வாளெடுத்த புலித்தேவர் இந்த மண்ணின் மறவர். அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டை பலமுறை முற்றுகை கண்டு, 1767இல் வீழ்ந்தது.

ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெருமையை மட்டும் பேசி உண்மையை மறைப்பது வரலாறு ஆகாது. 1799இல் கட்டபொம்மனும், 1801இல் ஊமைத்துரையும் மருது உடன்பிறந்தாரும் எழுந்து நின்றபோது, மேற்குப் பாளையங்களில் பல அவர்களோடு எழவில்லை. சில கும்பினிக்குத் துணை நின்றன. சிவகிரியில் தந்தை கும்பினி பக்கமும் மகன் கிளர்ச்சி பக்கமுமாக ஒரே வீடு இரண்டாகப் பிளந்தது. தமிழனின் வலிமையை உடைத்தது வெள்ளையன் பீரங்கி மட்டுமா? நம்மிடையே நாமே வளர்த்துக்கொண்ட இரண்டகமும் அல்லவா!

நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறினால் போதும். 1799 அக்தோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அத்திங்களிலேயே படைத்தலைவன் பானர்மன், கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டான். 1801 பெப்ருவரி 2ஆம் நாள் ஊமைத்துரையும் தோழரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. மே 24ஆம் நாள் அது வீழ்ந்தபோது ஊமைத்துரை சிறுவயலுக்குச் சென்று மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்க மருது மறுத்தார். சூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை, சாதி, சமய வேறுபாடின்றி எல்லாரையும் வெள்ளையர்க்கு எதிராக எழுமாறு அழைத்தது. அக்தோபர் 1ஆம் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அத்திங்கள் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது உடன்பிறந்தார் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கிலேறினார். இவ்வளவும் நம் பாடநூல்கள் ஓரளவேனும் சொல்லும் செய்திகள்.

பாடநூல்கள் நிறுத்தும் இடத்தில்தான் துரைச்சாமியின் கதை தொடங்குகிறது. மருதுவின் குடும்பத்து ஆண்மக்களும் பெயரன்மாரும் கொல்லப்பட்டனர். இளையவனான துரைச்சாமிக்கு மட்டும் உயிர் விடப்பட்டது. அதை இரக்கம் என்று ஆங்கில ஏடுகள் குறிக்கக்கூடும். தந்தையும் பெரிய தந்தையும் அண்ணன்மாரும் தூக்கில் தொங்கிய மண்ணிலிருந்து, திரும்பி வாராதபடி கடல் கடத்துவதற்கு இரக்கம் என்று பெயர் வைத்தால், கொடுமை என்னும் சொல்லுக்கு வேறு பொருள்தான் தேட வேண்டும்.

நாடுகடத்தல் என்னும் ஒறுப்பின் உள்நோக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். தூக்குமரம் ஒரு நாளில் தன் வேலையை முடித்துவிடும். ஆனால், தூக்கிலிடப்பட்டவனுக்குக் கல் நடுவார்கள், பொங்கலிடுவார்கள், கும்மி பாடுவார்கள். மறவனைக் கொன்றால் அவன் தெய்வமாகிவிடுவான் என்பதைக் கும்பினி பாளையக்காரர் நாட்டில் கண்கூடாகக் கண்டது. கடல் கடத்தப்பட்டவனுக்கோ கல் நட இடம் இல்லை. அவன் இறந்தானா, இருக்கிறானா என்பதே ஊருக்குத் தெரியாது. இறந்தான் என்றால் அழலாம். இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாத நிலையில் அக்குடும்பம் என்ன செய்யும்? கடலைத் தாண்டியவனின் பெயரை அவன் ஊரே மெல்ல மறந்துவிடும். அதுதான் கும்பினியின் கணக்கு.

1802 பெப்ருவரித் திங்கள் 11ஆம் நாள், தூத்துக்குடித் துறையிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் எழுபத்து மூவர் சிறையாளராக ஏற்றப்பட்டனர். சிவகங்கையின் அரசராய் இருந்தவரும், வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சியை மணந்தவருமான வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களுள் ஒருவர். சிறுவன் துரைச்சாமி ஒருவன். ஏனையோர் சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளைச் சார்ந்த தலைவர்களும் வீரர்களும். அவர்கள் சென்றடைய வேண்டிய இடம் ‘வேல்சு இளவரசன் தீவு’ என்று கும்பினியார் பெயரிட்டிருந்த பினாங்கு. 1786இல் பிரான்சிசு இலைட்டு என்பவன் கும்பினியின் கொடியை அங்கு நாட்டியிருந்தான். அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்தியச் சிறையாளர் அங்கு இறக்கப்பட்டனர். ஊருக்கே பாக்கின் பெயர். அதைக்கூட மாற்றி ஓர் இளவரசனின் பெயரை ஒட்டியவர்கள், சிறையாளரின் பெயரை மட்டும் உள்ளவாறு எழுதுவார்களா?

ஆவணங்களில் ஒருவனைத் தேடுவோர்க்கு வரும் முதல் இடர் இதுதான். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினி ஆட்சியின் படைத்துறை ஏடுகள், வருவாய்த்துறை ஏடுகள், மாவட்ட ஆட்சியர் மடல்கள் எனத் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் ஏடுகள் இருக்கின்றன. ஆனால் ‘துரைச்சாமி’ என்று தேடினால் அவன் கிடைக்கமாட்டான். ‘தோரா சுவாமி’ என்று தேட வேண்டும். மருதுவைத் தேடினால் ‘மர்தூ’ வருவார். திருநெல்வேலி ‘தின்னவெல்லி’ ஆகும். தூத்துக்குடி ‘தூத்திக்கோரின்’ ஆகும். குற்றாலம் ‘கோர்த்தாலம்’ ஆகும். எழுதுவோனின் காதுக்கு எட்டியது ஓர் ஒலி. கைக்கு வந்தது ஓர் எழுத்து. படி எடுப்போன் கையில் அது மற்றோர் எழுத்து. ழகரமும் றகரமும் ஒலிக்கத் தெரியாத நாவின் வழியே தமிழ்ப்பெயர் ஒவ்வொன்றும் கூன்விழுந்து, முடமாகிப் பதிவேற்றப்பட்டது.

பெயரைப் பிழையாக எழுதுவது சிறிய செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. சிறையாளனின் ஏட்டில் அவன் பெயர், தந்தை பெயர், சாதி, அகவை, உயரம், உடற்குறி, குற்றம், ஒறுப்பு என்று வரிசையாகக் கட்டம் கட்டுவார்கள். அவ்வேட்டைத் தவிர அவன் இருப்புக்கு அங்கு வேறு சான்று இல்லை. பெயர் பிழையானால் அவன் வழித்தோன்றல் அவனை என்றைக்கும் கண்டுபிடிக்க முடியாது. உடலைக் கடல் கடத்தியது கப்பல். பெயரைக் கடல் கடத்தியது எழுதுகோல். வாழ்நாள் ஒறுப்புப் பெற்றோரின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கமும் கும்பினி ஆட்சியில் இருந்தது. அது 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. ஏட்டில் பெயரைச் சிதைத்தவர்கள், முகத்தையே ஏடாக்கினார்கள்!

இத்தகைய ஏடுகளின் இடையே துரைச்சாமியின் முகம் ஓரிடத்தில் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அது கும்பினிப் படையில் பணியாற்றிய சேம்சு வெல்சு என்னும் ஆங்கில அலுவலரின் நினைவு நூல். இலண்டனில் 1830இல் இரண்டு மடலங்களாக வெளிவந்த நூல் அது. ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ தந்த கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில், பாஞ்சாலங்குறிச்சிப் போர்ப் பகுதிக்கு வெல்சின் நூலையே பெரிதும் சான்றாகக் கொண்டார்.

வெல்சு 1795இல் மதுரைக்கு வந்தவர். அக்காலத்தில் சின்ன மருதுவோடு அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. சிறுவயலில் இருந்த மருதுவின் இல்லத்தில் காவலர் எவரும் நிறுத்தப்படவில்லை என்றும், யாரும் உள்ளே சென்று அவரைக் காணலாம் என்றும், அவர் தலையசைப்புக்கு மக்கள் கட்டுப்பட்டனர் என்றும் வெல்சு வியந்து எழுதுகிறார். வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்றும் நன்றியோடு குறிப்பிடுகிறார். அழகிய அத்தமிழ்ப் படைக்கலத்தின் பெயரை அவர் எழுதவில்லை. ‘கள்ளர் தடி’ என்னும் பொருள்பட ‘கொல்லேரி’ என்றே எழுதுகிறார். கற்றுத்தந்த கலை நினைவிலிருந்தது. கலையின் பெயர் நினைவில் நிற்கவில்லை!

அதே வெல்சு 1801இல் கும்பினிப் படையோடு அதே மருதுவை வேட்டையாடச் சென்றார். தமக்கு வேல் எறியக் கற்பித்த ஆசிரியரைக் காட்டு விலங்கைப்போல் துரத்தவும், தொடை எலும்பு முறிந்து பிடிபட்ட அவரைத் தூக்குமரத்தில் காணவும் தமக்கு நேர்ந்ததை அவரே எழுதுகிறார். பின்னர்த் தூத்துக்குடியில், கப்பலேற வேண்டிய சிறையாளரைக் காக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. அங்குத்தான் துரைச்சாமியை அவர் காண்கிறார். சிறுவனின் விலங்கைச் சற்றே தளர்த்தித் தம்மால் இயன்ற அளவு துன்பத்தைக் குறைத்ததாகச் சொல்கிறார். அந்த மட்டில் அவர் உள்ளத்தில் ஈரம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. பகைவன் நூலில் உள்ள நற்பண்பையும் உள்ளவாறு சொல்வதே தமிழர் நடுவுநிலை.

கப்பல் போய்விட்டது. ஆண்டுகள் பதினாறு உருண்டோடின.

1818இல் வெல்சு பினாங்கிற்குச் செல்ல நேர்ந்தது. அவர் தங்கியிருந்த இடத்திற்குத் தளர்ந்து ஒடுங்கிய ஒரு கிழவர் வந்தார். கைகளைக் கூப்பி நின்றார். கண்கள் நீர் சொரிந்தன, வாய் பேசவில்லை. யார் என்று வெல்சுக்குத் தெரியவில்லை. கேட்டார், மீண்டும் கேட்டார். கடைசியில் ஒரு பெயர் மட்டும் வந்தது: துரைச்சாமி.

பெருமக்களே, கணக்கிட்டுப் பாருங்கள். கப்பலேறும்போது அகவை பதினைந்து. 1818இல் அவனுக்கு முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோதான் இருந்திருக்க முடியும். முப்பத்திரண்டு அகவை இளைஞனைப் பார்த்த ஒருவர் கிழவன் என்று எழுதுகிறார் என்றால், அந்தப் பதினாறு ஆண்டுகளில் அவன் உடலில் என்னென்ன நிகழ்ந்திருக்க வேண்டும்? அதைச் சொல்ல எந்த ஏடும் முன்வரவில்லை. வெல்சின் அந்த ஒரு சொல்லே, ஆயிரம் பக்கங்களுக்கு ஈடான சான்றாக நிற்கிறது. அப்பெயர் தம் நெஞ்சில் கூர்வாள்போல் பாய்ந்ததாக வெல்சு வருந்துகிறார்.

துரைச்சாமி அவரிடம் என்ன கேட்டான்? விடுதலை கேட்டானா? பொருள் கேட்டானா? இல்லை. ஊரில் எஞ்சியிருக்கும் உறவினர்க்கு ஒரு மடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டான். வெல்சு மறுத்தார். சிறையாளரின் மடல்களை எடுத்துச் செல்லக் கூடாது என்பது கும்பினியின் விதி. தந்தையிடம் வேலெறியக் கற்றவர், மகனின் ஓலையைச் சுமக்க மறுத்தார். நெஞ்சில் வாள் பாய்ந்ததாக எழுதியவரும் விதியை மீறவில்லை. இதுதான் வல்லாண்மையின் இயல்பு. அது தீயவரை மட்டும் கொண்டு நடப்பதன்று. இரக்கமுள்ளவரையும் விதி என்னும் நுகத்தில் பூட்டித் தன் வண்டியை இழுக்கச் செய்யும்.

வெல்சின் ஏட்டில் இதற்குமேல் துரைச்சாமி இல்லை.

இப்போது சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். துரைச்சாமியின் வாழ்வை மூன்று வகை ஆவணங்கள் சொல்கின்றன. போர்க்கால மடல்களில் அவன் ‘கிளர்ச்சிக்காரனின் மகன்’. நாடுகடத்தல் ஏட்டில் அவன் எழுபத்து மூவருள் ஓர் எண். வெல்சின் நூலில் அவன் ஓர் ஆங்கிலேயரின் மனவருத்தம். மூன்றும் அவனைப் பற்றிப் பேசுகின்றன. மூன்றில் எதுவும் அவனைப் பேசவிடவில்லை. அவன் பேச முயன்றது ஒரே முறை. அது அந்த மடல். அம்மடலில் அவன் யாரைக் கேட்டிருப்பான்? தாயைக் கேட்டிருப்பானோ? உயிர் பிழைத்தவர் எவர் எவர் என்று கேட்டிருப்பானோ? எதுவாயினும், அவன் தன் மொழியில் தன் உறவினர்க்குச் சொல்ல விரும்பிய சொற்கள் அவை. பதினாறு ஆண்டுகள் அயல்மண்ணில் தேய்ந்தும் அவன் நாவில் தேயாமல் இருந்த தமிழ்ச் சொற்கள். ஆவணக் காப்பகங்களின் தொகுதிகளை எல்லாம் புரட்டினாலும் காணக் கிடைக்காதது, சுமந்து வர மறுக்கப்பட்ட அந்த மடல்தான். அடிமைப்பட்ட இனத்தின் வரலாறு அடக்கியவனின் ஏட்டில் மட்டும் எழுதப்பட்டால், அது எப்போதும் ஒரு மடல் குறைவாகவே இருக்கும்.

துரைச்சாமிக்குத் தலைவனின் மகன் என்னும் ஓர் அடையாளமேனும் இருந்தது. பழகிய அலுவலர் ஒருவர் எழுதினார். பெயரற்ற ஆயிரக்கணக்கானோர் நிலை என்ன? பினாங்கில் காடு வெட்டிச் சாலை போட்டவர்களில் இந்தியச் சிறையாளர் பெரும் பங்கினர். சுமத்திராவின் பென்கூலனுக்கும் 1787 முதல் சிறையாளர் அனுப்பப்பட்டனர். 1824இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட உடன்பாட்டால் பென்கூலன் கைமாறியபோது, அங்கிருந்த சிறையாளரை 1825இல் சிங்கப்பூருக்கு மாற்றினர். நாடுகளைப் பண்டமாற்றுச் செய்தவர்கள் சிறையாளரைத் தட்டுமுட்டுப் பொருள்களைப்போல் எடுத்துச் சென்றனர். சிங்கப்பூரின் சாலைகளிலும் பாலங்களிலும் கலங்கரை விளக்கங்களிலும் அவர்கள் உழைப்பு உண்டு. அங்குள்ள புனித அந்திரேயர் பேராலயம் எழுந்தது இந்தியச் சிறையாளரின் கைகளால். சிறையாளர்க்குள்ளேயே சிலரைத் தெரிந்து ஏனையோர்க்குக் காவலாளிகளாக்கும் முறையும் அங்கு வளர்ந்தது. சம்பளக் காவலரின் செலவு மிஞ்சியது. சிறையாளரிடையே ஒற்றுமையும் உடைந்தது. ஓர் இனத்தை அதன் ஆள்களைக் கொண்டே காவல் செய்யும் கலையைக் கும்பினி பாளையங்களில் பழகிக் கடலுக்கு அப்பாலும் கொண்டுசென்றது என்று சொன்னால் மிகையாகாது. 1858இல் அந்தமான் சிறைக் குடியேற்றம் தொடங்கியது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் பிரித்தானிய அரசின் நேரடி ஆட்சிக்குச் சென்றன. அதன்பின் புதிய சிறையாளர் அங்கு அனுப்பப்படவில்லை; பழைய சிறையாளர் பலர் அம்மண்ணிலேயே தங்கிக் கலந்தனர்.

தூத்துக்குடித் துறைக்கு மீண்டும் வருவோம். 1802இல் எழுபத்து மூவரைச் சுமந்துசென்ற கப்பல் புறப்பட்ட அதே துறையில், நூறாண்டு கழித்து, 1906இல், ஒரு தமிழர் கப்பல் கும்பினி தொடங்கினார். பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் அவர். வெள்ளையன் கப்பலில் தமிழன் விலங்கோடு போன கடலில், தமிழன் கப்பல் கொழும்புக்குச் சென்றது. அதைப் பொறுக்காத ஆட்சி 1908 சூலையில் அவருக்கு இரட்டை வாழ்நாள் நாடுகடத்தல் ஒறுப்பை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டு, அவர் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 திசம்பரில் விடுதலையானார். ஆண்டுகள் நூறு சென்றும் ஆட்சியின் கையில் அதே கருவி: கடலுக்கு அப்பால் போ! துரைச்சாமியைக் கடல் கடத்தியவர்கள் அவனோடு அச்சமும் போய்ச் சேரும் என்று எண்ணினார்கள். சிதம்பரனார் வந்து அக்கணக்கைப் பொய்யாக்கினார்.

பெருமக்களே! இவ்வளவும் கேட்டுக் கண்ணீர் சிந்திக் கலைந்துபோவது எளிது. கண்ணீரால் ஒரு பெயரையும் மீட்க முடியாது. செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது, எழுபத்து மூவரின் பெயர்களையும் அவர்தம் ஊர்ப்பெயர்களையும் ஆங்கிலச் சிதைவிலிருந்து மீட்டு, உரிய தமிழ் வடிவில் எழுதி வைக்க வேண்டும். இதற்கு ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் போதாது. நம் சிற்றூர்ப் பெயர்களும் குடிவழிப் பெயர்களும் பேச்சு வழக்கும் அறிந்தவர் வேண்டும். ஆங்கிலேயன் எழுத்தை வைத்துக்கொண்டு அவன் காதில் விழுந்த தமிழொலி எதுவாயிருக்கும் என்று பின்னோக்கிச் செல்லும் வேலை இது. பட்டறிவுள்ள ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரே நொடியில் அவிழ்க்கும் முடிச்சை, பட்டம் பெற்றவர் ஓராண்டு இருந்தும் அவிழ்க்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது, காப்பகத்துக்கு வெளியே உள்ள ஆவணங்களைத் திரட்ட வேண்டும். பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கும் ஓலைகள், கோயில் நிலக் கணக்குகள், குடிவழிப் பட்டயங்கள், கொடைவிழாவில் பாடப்படும் வில்லுப்பாட்டுகள், கும்மிகள், அம்மானைகள் ஆகிய எல்லாம் ஆவணங்களே. மருதுவின் வரலாற்றைச் சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் சொல்கின்றன. படையெடுத்தவன் எழுதிய நூலுக்குச் சான்று என்று பெயர். அடிபட்டவன் பாடிய பாட்டுக்குக் கட்டுக்கதை என்று பெயர் என்னும் இழிந்த அளவுகோலை உடைத்தெறிய வேண்டும். அதே வேளை, பாட்டில் வருவதை எல்லாம் அப்படியே வரலாறு என்று முழங்குவதும் தவறு. ஓலையை ஏட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஏட்டை ஓலையால் திருத்த வேண்டும். உண்மையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லும் பழக்கம் நம் பகைவர்க்கு உதவுமேயன்றி நமக்கு உதவாது.

மூன்றாவது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழுறவுகளோடு இணைந்து இவ்வேலையைச் செய்ய வேண்டும். அங்குள்ள கோயிற்பதிவுகளையும் கல்லறைப் பதிவுகளையும் இங்குள்ள ஊர்ப்பதிவுகளோடு பொருத்தினால், அறுந்த இழைகள் சில மீண்டும் சேரக்கூடும்.

நான்காவது, இளைஞர்களுக்கு உரியது. உங்கள் பாட்டனின் பெயர் தெரியும். பாட்டனின் பாட்டன் பெயர் தெரியுமா? இன்றே வீட்டுக்குச் சென்று முதியோரைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே, தூய தமிழெழுத்தில் எழுதி வையுங்கள். கடலுக்குப் போய் வராதவர் எவரேனும் குடும்பத்தில் உண்டா என்று கேளுங்கள். மலைத்தோட்டத்துக்கும் இரப்பர்க் காட்டுக்கும் போனவர்களும் அக்கணக்கில் அடங்குவர். வெள்ளையன் ஏட்டில் எண்ணாய்ப் போனவன், நம் வீட்டு ஏட்டிலேனும் பெயராய் இருக்கட்டும்.

துரைச்சாமியின் மடலைச் சுமந்துவர ஓர் ஆங்கில அலுவலர் மறுத்தார். அவரைக் குறைசொல்லி நிற்பதில் பயன் இல்லை. அம்மடல் யாருக்கு எழுதப்பட இருந்ததோ, அந்த உறவினரின் வழியில் வந்தவர்கள் நாம். மடல் வராவிட்டாலும் மறுமொழி எழுதும் கடன் நமக்கு இருக்கிறது. எழுபத்து மூவரின் பெயர்களும் பிழையற்ற தமிழில், அவரவர் ஊர் நடுவில், கல்லில் பொறிக்கப்படும் நாளே அந்த மறுமொழி போய்ச் சேரும் நாள். அந்நாளை விரைவில் ஆக்குவோம்!